ஆவடியில் கேட்கக் கற்றுக்கொண்டது

1

பெர்கன் நகராட்சியிலிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நார்வேயில் இத்தனை வருடம் இருந்தும், நகராட்சிக் கடிதம் என்றால் இன்னமும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். எதையோ நிரப்பாமல் விட்டிருப்போம், எங்கேயோ கையெழுத்துப் போட மறந்திருப்போம். இந்தத் தடவை அப்படி ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களில் மொழிக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாமா என்ற இடத்தில் நிற்கிற ஒருவரைக் கண்டால் என்ன பேசுவது, மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்வரை கூட எப்படி இருப்பது என்பதற்கான பயிற்சி. தமிழுக்கு என் பெயரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள் நான். என்னை எதற்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

கூடவே நான்கு பக்கப் படிவம். பெயர், அடையாள எண், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று. கடைசிப் பக்கத்தில், "இதற்கு முன் இத்துறையில் பெற்ற பயிற்சி: நிறுவனத்தின் பெயர், காலம், சான்றிதழ் எண்." எழுதுவதற்கு மூன்று கோடு விட்டிருந்தார்கள்.

நார்வேஜிய மொழியில் எதை எழுதினாலும் என் மகள் மீராவிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். அவள் ஆஸ்லோவில் இருக்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். பத்து வயதுவரை இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது.

மூன்று கோட்டில் நான் எழுதியிருந்தது இது: "ஆவடி, ஆரம்பப் பள்ளி வகுப்பறை. பத்து ஞாயிற்றுக்கிழமைகள். சான்றிதழ் கிடையாது."

மீரா திரையில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இது யாருக்கும் புரியாதும்மா. இல்லைன்னு போட்டுடு" என்றாள், நார்வேஜிய மொழியில்தான்.

இல்லை என்று போட்டு அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அந்தப் படிவத்தில் அடங்காததை ஊரில் இருக்கிற உங்களுக்காவது எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எண்பதுகளின் பின்பாதி. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் டர்னர். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்து, குவார்ட்டர்ஸில் இருபது வருடமாகக் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் ஒரு வீடு மதுரை, அடுத்தது வேலூர், அதற்கடுத்தது நாகர்கோவில். சாயங்காலம் வாசலில் நின்றால் ஆறு வகைக் குழம்பு வாசனை வரும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். எனக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் புனாவில் வேலை கிடைத்துப் போயிருந்தான்.

அந்த வருடம் குவார்ட்டர்ஸில் இரண்டு பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். ஒருவர் அப்பாவோடு கேரம் ஆடுகிறவர். இன்னொருத்தி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். துக்கம் விசாரிக்கப் போன எல்லோரும், "நேத்துகூடப் பாத்தேனே, நல்லாத்தானே பேசுனாங்க" என்றுதான் சொன்னார்கள்.

மாதர் சங்கத்தில் இருந்த ஒரு டீச்சர் நகரத்துக்குப் போய் ஒரு மனநல டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் ரேச்சல். ஒல்லியாக, கைத்தறிப் புடவையில், ரயிலில் வந்து இறங்கினார். கூட்டத்தில் பேசி முடித்ததும், குவார்ட்டர்ஸிலிருந்து படித்தவர்களாகப் பத்துப் பேரைப் பயிற்சிக்குத் தரலாம் என்று டீச்சர் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "உங்கள்ல யாரு தினமும் நிறைய வீட்டு வாசலுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

பின்னால் கூடையோடு நின்ற மீன்காரி அஞ்சலை கையைத் தூக்கினாள்.

"நானு போறன். காலீல ஏழு தெரு."

அப்படித்தான் அந்த வகுப்பு சேர்ந்தது. அஞ்சலை, ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், இஸ்திரி வண்டிக்காரர், பால் பூத்தில் இருக்கும் பெண், இன்னும் நாலைந்து பேர். நான் எந்த வீட்டுக்கும் போகிறவள் இல்லை. டாக்டரின் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்கி ஸ்டென்சிலில் அடித்துத் தர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அஞ்சலைக்கு அப்போது நாற்பது இருக்கும். வேப்பம்பட்டில் வீடு. அவள் சின்ன வயதில் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவள். நிலமெல்லாம் மனைகளாக மாறியபின் புருஷன் பாடியில் ஒரு தொழிற்சாலைக்கும், அவள் மீன் கூடைக்கும் வந்துவிட்டார்கள். விடியுமுன் வண்டியேறி சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மீன் எடுத்து, அடுத்த வண்டியில் ஆவடியில் வந்து இறங்குவாள். எழுதப் படிக்கத் தெரியாது.

3

முதல் வாரம் நான் அடித்துக்கொண்டு போன தாளில் "மனச்சோர்வு", "நம்பிக்கையின்மை", "ஆர்வக் குறைவு" என்றெல்லாம் வரிசையாக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. மாணிக்கம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆஸ்பத்திரி போர்டு மாரி கீது? எவன் ஆட்டோல ஏறி எனுக்கு மனச்சோர்வா கீதுன்னு சொல்லுவான்?"

"வேற என்ன சொல்லுவாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒண்ணுமே புடிக்கல. நெஞ்ச அடச்சிகினு கீது. சும்மா பட்த்துகினே கெடக்கணும் போல கீது. யாராவது பேசுனா எரிச்சலா வருது. சோறு மண்ணு மாரி கீது. டாக்டர் என் பக்கம் திரும்பி, "சுகுணா, உன்னோடதக் கோடு போட்டு அடிச்சிட்டு இதையெல்லாம் எழுது. இதுதான் நமக்குப் பாடம்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் எழுதினேன்.

நான்காவது ஞாயிறுதான் கஷ்டமான பாடம். ஒருவர் உயிரை விடும் எண்ணத்தில் இருப்பாரோ என்று சந்தேகம் வந்தால் அதை நேராகவே கேட்டுவிட வேண்டும் என்றார் டாக்டர். வகுப்பே பதறியது. இஸ்திரிக்காரர் எழுந்து, "இல்லாதத நாமளே எட்த்துக் குட்த்த மாரி ஆயிடாதாம்மா?" என்றார்.

"ஆகாது. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது. ஏற்கனவே இருக்கறவங்களுக்கு, அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு இருக்கும். நாம சுத்தி வளைச்சா, நமக்கு அதைக் கேக்கப் பயம்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். சொல்ல மாட்டாங்க."

இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து நடித்துப் பார்க்கச் சொன்னார். என் எதிரில் அஞ்சலை. அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, உண்மையிலேயே வேறு ஆளாக மாறி உட்கார்ந்திருந்தாள். நான் கேட்க வேண்டும்.

"அக்கா... உங்களுக்கு... ஏதாவது தப்பான முடிவு..."

"இன்னா முடிவு?" என்றாள் அஞ்சலை, தலையைத் திருப்பாமல்.

"இல்ல... வந்து... விபரீதமா ஏதாவது..."

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டே போனேன். அஞ்சலை நடிப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, சாவணும்னு தோணுதான்னு கேளு. ரெண்டு வார்த்த. அம்மாந்தான்."

"உங்களுக்கு மட்டும் எப்படிக்கா வருது?"

அவள் என் கையை விட்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "எந்தங்கச்சி. பதினெட்டு வயசு. ஒரு மாசமா மூஞ்சி செத்துக் கெடந்துச்சு. எனுக்குத் தெரியும். பக்கத்துல தான் பட்த்துகினு இருந்தேன். கேட்டா கோச்சுக்குவாளோன்னு கேக்கல. அவ பூட்டா. இப்ப யாரு கோச்சுகினாலும் எனுக்குப் பரவால்ல, நான் கேட்டுட்றேன்."

அன்று வகுப்பு அதோடு முடிந்தது. டாக்டர் ரயிலுக்கு நேரமாகியும் கொஞ்ச நேரம் அஞ்சலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

4

பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மாதம் இருக்கும். காலையில் அம்பத்தூர் வண்டிக்காக ஆவடி பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். அப்போதுதான் வந்து நின்ற வண்டியிலிருந்து கூடையோடு இறங்கிய அஞ்சலை என்னைப் பார்த்து நேராக வந்தாள்.

"பாப்பா, உங்கம்மா எப்பிடி கீறாங்க?"

"நல்லா இருக்காங்களே."

"நல்லால்ல."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க்கா?"

"உங்கம்மா செவுளத் தூக்கிப் பாக்காம எங்கிட்ட மீனு வாங்குனதே இல்ல. பத்து வருசமா. இது நேத்தைய மீனு, இது ஐஸு மீனுன்னு எம்மாம் பேச்சு பேசுவாங்க! இப்ப மூணு வாரமா பாத்திரத்த நீட்றாங்க, வாங்கிகினு உள்ள பூட்றாங்க. முந்தாநாளு வேணும்னே கொயகொயன்னு கீற மீனப் போட்டேன். ஒண்ணும் கேக்கல. அப்பவே எனுக்குத் தெரிஞ்சிடுச்சு."

மூட்டு வலி, வயசு, அண்ணன் ஊரில் இல்லாதது என்று நான் ஏதேதோ சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ரேடியோ போட்டுப் பல நாள் ஆகிவிட்டது. நான் ஆபீசிலிருந்து வரும்போது விளக்கு போடாமல் படுத்திருக்கிறாள். தலை பின்னுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் அப்பவே ஆச்சு என்கிறாள். இந்த அடையாளங்களையெல்லாம் என் கையால் ஸ்டென்சிலில் அடித்தவள் நான். மையை ஒற்றி, பிழை திருத்தி, அம்பது பிரதி எடுத்தவள். எங்கள் வீட்டுக்குள் அதை நான் படிக்கவே இல்லை.

என் வண்டி வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை.

அங்கேயே பேசிவைத்தபடி, சனிக்கிழமை மத்தியானம் அஞ்சலை கூடையில்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா ஷிஃப்டில் இருந்தார். அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அதைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "மீன் வேண்டாம் அஞ்சலை" என்றாள் திரும்பாமலே. அஞ்சலை சமையலறைத் தரையில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள். நான் தலையாட்டி மறுத்தேன்.

"உங்கம்மா. நீ கேளு" என்றாள்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"அம்மா, உனக்குச் சாகணும்னு தோணுதா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். கோபப்படுவாள், அழுவாள், என்ன பேச்சு இது என்று அடிப்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"தோணுதுட்டி" என்றாள். "ஆடியிலேருந்து தோணுது. எனக்கே ஏன்னு தெரியல. காலையில கண்ணு முழிக்கும்போதே, ஏன் முழிச்சோம்னு இருக்கு."

பிறகு நிறையப் பேசினாள். மூன்று மாதமாகப் பேசாததையெல்லாம் பேசினாள். அஞ்சலை இடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இரண்டு தடவை ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு தடவையும் அஞ்சலை என் தொடையில் தட்டி நிறுத்தினாள்.

5

அப்பா வந்ததும் சொன்னோம். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் நம்பவில்லை. பிறகு பயந்துபோனார். அந்தப் பயமே கோபமாக மாறியது.

"வெளி ஆஸ்பத்திரிக்குப் போணும்னா டிஸ்பென்சரியில சீட்டு வாங்கணும். அங்க எழுதுறவன் ஃபேக்டரியில என் ஷாப்புல இருக்கவனோட மச்சான். சாயங்காலத்துக்குள்ள குவார்ட்டர்ஸ் பூரா தெரிஞ்சிரும். கீழ்ப்பாக்கம் கேஸும்பான். வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ண வச்சிருக்கேன்."

கீழ்ப்பாக்கம் என்பது எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயராகவே யார் காதிலும் விழாது. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம் என்பதால் அது வசவு. அதனால் அப்பாவை அன்று நான் முழுக்க வெறுக்கவில்லை. எனக்கும் அதே பயம் ஒரு மூலையில் இருந்தது.

அஞ்சலை எழுந்து நின்றாள். "சார், சீட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம். டாக்டரம்மா நாளான்னிக்கு காலீல ஆஸ்பத்திரில இருப்பாங்க. நாளான்னிக்கு நான் மீனு எடுக்கப் போவல. எட்டேகா வண்டில அம்மாவ நான் கூட்டிகினு போறன். பாப்பா வரும். நீ வந்தா வா, இல்லாங்காட்டி வுடு. ஆனா அதுவரிக்கும் அவங்கள ஒண்டியா உடாத."

அப்பா எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த இரண்டு நாளும் அம்மாவை விட்டு நகரவில்லை. திங்கட்கிழமை காலை நாங்கள் மூன்று பெண்களும் பிளாட்பாரத்தில் நின்றபோது, அப்பா தொழிற்சாலைச் சீருடையில் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு வந்தார். வேலைக்குக் கிளம்பியவர் பாதி வழியில் திரும்பிவிட்டாராம். வண்டி வந்ததும் அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஏறினார்.

டாக்டர் ரேச்சல் கொடுத்த மாத்திரை வேலை செய்வதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அம்மாவுக்கு வாய் உலர்ந்தது, பகலில் தூங்கி வழிந்தாள், ஒரு நாள் எல்லாவற்றையும் தூக்கிப் போடப்போகிறேன் என்றாள். அப்பா மீன் கழுவக் கற்றுக்கொண்டார். முள்ளும் செதிலுமாக ஒரு குழம்பு வைத்தார். அதைத் தின்று நாங்கள் யாரும் சாகவில்லை என்பதே பெரிய விஷயம். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

"இது மீனா? கண்ணப் பாரு, போன மாசம் செத்தது. எடுத்துட்டுப் போ!"

"யம்மா, இப்ப தான் எட்த்தாந்தேன், துள்ளிகினு கீது!" என்று அஞ்சலையும் கத்தினாள். எட்டிப் பார்த்தேன். திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் டாக்டர் இரண்டாவது வகுப்பு தொடங்கியபோது அம்மா போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பா தடுக்கவில்லை. நான் அடித்த தாளைப் பார்த்து, "இதுல தென்காசிக்காரி சொல்லுத மாதிரி ஒண்ணுமே இல்லியே" என்று குறை சொன்னாள்.

6

என்னைப் பெண் பார்க்க வந்த ரவி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் கற்றுக்கொண்டு, நார்வேயில் கடல் நடுவே எண்ணெய்க் கிணறுகளில் வெல்டிங் சோதிக்கிற வேலைக்குப் போனவர். அப்பா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சியும், அம்மா சாப்பிடும் மாத்திரையைப் பற்றி நான் அவரிடம் சொல்லிவிட்டேன். "எங்க ஃபோர்மேனும் அதத்தான் சாப்புடறாரு" என்றார். கல்யாணம் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெர்கனுக்கு வந்தேன்.

மழை பெய்யும் ஊர் என்று சொன்னார்கள். மழை விடாத ஊர் என்று சொல்லவில்லை. ரவி இரண்டு வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில். வந்த இரண்டாவது வருடம் நவம்பரில் மீரா பிறந்தாள். இங்கே டிசம்பரில் காலை ஒன்பதரைக்கு மேல்தான் விடியும். மத்தியானம் மூன்றரைக்கு மறுபடி இருட்டு. ரவி கடலுக்குப் போனபிறகு நானும் குழந்தையும் ஜன்னலும் மட்டும்தான். அவள் அழுதாள், நான் பால் கொடுத்தேன், அவள் தூங்கினாள், நான் தூங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனது. நான் இல்லாவிட்டால் இந்தக் குழந்தைக்கு நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. முதலில் எப்போதாவது வந்தது. பிறகு போகவே இல்லை. இத்தனை பாடம் எழுதியவளுக்கு அதன் பெயர் தெரியவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

ஞாயிறுதோறும் ஆவடி பஸ் நிலையத்தருகே ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா கூப்பிடுவாள். அங்கே பத்தரை, இங்கே காலை ஆறு. அந்த ஞாயிறும் மணி அடித்தது.

"எப்படிட்டி இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"பிள்ள?"

"நல்லா இருக்கா."

"குளிரு?"

"பரவால்லம்மா."

செயற்கைக்கோள் வழியாகப் போகிற பேச்சு, ஒரு நொடி தாமதித்துத்தான் அங்கே விழும். ஆனால் அந்தத் தாமதம் ஒரு நொடிக்கு மேல் நீண்டது.

"ஏட்டி" என்றாள் அம்மா. "மூணு வாரமா நீ ஒரு குறையும் சொல்லல. மழையத் திட்டல. மாப்பிள்ளையத் திட்டல. அரிசியக்கூடத் திட்டல."

லைன் இரைந்தது. அம்மா குரலை உயர்த்தினாள். பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரிசையில் நின்றிருக்கும். குவார்ட்டர்ஸ் ஆட்கள், அப்பாவின் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் நின்றிருப்பார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அம்மா கத்தினாள்.

"சுகுணா! சாகணும்னு தோணுதாட்டி?"

தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஆமாம்மா" என்றேன். அது அவளுக்குப் போய்ச் சேர்கிற ஒரு நொடியில், என் நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கியதை நான் உணர்ந்தேன்.

அம்மா அழவில்லை. "செரி. பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?"

"டூரிட்னு ஒரு அம்மா. எனக்கு அவங்க பாஷை சரியா வராதும்மா."

"பாஷ எதுக்கு? பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பமே போய்க் கதவத் தட்டு. நான் இந்த இடத்த விட்டு நகர மாட்டேன். அரை மணி கழிச்சுத் திரும்பப் பண்ணுவேன். போ."

குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன். டூரிட் இரவு உடையில் வந்து திறந்தார். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் "கோர் தெ ப்ரா?" என்பார்கள், நல்லாப் போகுதா என்று. பதிலும் அதே வார்த்தைகளைத் திருப்பிப் போட்டால் போதும், நல்லாப் போகுது. படிக்கட்டில் அவரிடம் நூறு தடவை அதைச் சொல்லியிருக்கிறேன். டூரிட் என் முகத்தைப் பார்த்து அதையே கேட்டார். இல்லை என்பதற்கு அவர்கள் எழுதுகிற nei நம் கண்ணுக்கு நெய்யாகத் தெரியும்; சொல்வது நை. நான் அதை அப்படியே தமிழ் நெய்யாகச் சொன்னேன்.

"நெய்."

அவருக்குப் புரிந்துவிட்டது. குழந்தையை வாங்கிக்கொண்டார். செருப்பு மாட்டாமலே என்னோடு என் வீட்டுக்கு வந்தார். அரை மணியில் மணி அடித்தபோது தொலைபேசியை எடுத்தவர் அவர்தான். அந்தப் பக்கம் அம்மா தென்காசித் தமிழில் கேட்டுக்கொண்டே போக, இந்தப் பக்கம் டூரிட் "யா, யா" என்று அழுத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனார். ரவியைக் கரைக்கு வரவழைத்தார்கள்.

7

அந்தக் குழந்தைக்கு இதைச் சொன்னது போன வாரம்தான். படிவத்தில் இல்லை என்று போட்டது பொறுக்காமல் நானே மீராவைக் கூப்பிட்டேன். அவள் மொழியில்தான் சொன்னேன், தட்டுத் தடுமாறி. நடுவில் அவள் ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. முடித்ததும், "என்னாலயாம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

"உன்னால இல்லடி. உடம்புக்கு வந்தது. உன்னத் தூக்கிக்கிட்டுத்தான் கதவத் தட்டினேன்."

அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு, படிவத்தை மறுபடி அனுப்பலாம், கூடுதல் தாள் இணைக்க அனுமதி உண்டு, தானே எழுதித் தருகிறேன் என்றாள். அஞ்சலை என்ற பெயரை எப்படி எழுதுவது என்று எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொண்டாள்.

எனக்குக் குணமாவதற்குக் குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டது. மாத்திரை, வாரம் ஒரு முறை நகராட்சித் தாதி, டூரிட்டின் காப்பி. அந்த ஞாயிறுகளில் ஒன்றுகூட அம்மா தவறவில்லை. சாப்பிட்டாயா, பிள்ளை குளித்தாளா என்பவற்றின் நடுவே, அதே குரலில், சாகணும்னு தோணுதா என்பதையும் கேட்டுவிடுவாள். பூத்துக்காரர் இரண்டாம் வாரத்திலிருந்து வரிசையில் நிற்பவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாராம். நானும் உள்ளதைச் சொல்வேன். ஆமாம். இன்னமும். கொஞ்சம் குறைவு. இந்த வாரம் ஒரே ஒரு நாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மீரா என் மடியில் கிடந்து என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். யோசித்துப் பார்த்து, மறுபடியும் சொன்னேன். "இல்ல."

அந்த ஒரு நொடித் தாமதம். பிறகு அவள் மூச்சு விடுவது கேட்டது.

"செரி" என்றாள். "அடுத்த வாரமும் கேப்பேன்."